பஹ்ரைனில் பார்க்க வேண்டிய இடம்: குதைபியா, மூன்றாவது மாடி

கப்பலில் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி, கட்டுமாவடிக் கடற்கரையில் காலை நனைத்துவிட்டு வந்தாலே எனக்குப் போதும். துபாயில் வேலை பார்க்கும் என் மகன்தான் விடவில்லை. தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசு என்று, இந்த ஜனவரியில் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான். துபாயில் ஏறி தோஹா, பஹ்ரைன், அபுதாபி என்று ஊருக்கு ஒரு பகல் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி துபாய். ஆளுக்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய், சாப்பாடு உட்பட. விமானமும் விசாவும் தனி.

இரண்டாவது டிக்கெட் என் வீட்டுக்காரருக்குப் போட்டது. "ஆடுற வீட்டுல என்னால படுக்க முடியாது. தனத்தைக் கூட்டிட்டுப் போ, அவளுக்கு உதவும்" என்று அவர் கழன்றுகொண்டார். தனம் என் ஓரகத்தி, அவருடைய தம்பி சேகரின் மனைவி. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வரும்போது சேகர் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அதனால் இந்தக் கட்டுரையிலும் அவன் 'அவன்'தான், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சேகர் பதினான்கு வருஷமாக பஹ்ரைனில் இருக்கிறான். பெரிய கட்டடங்களில் ஏசி காற்றுப் போகும் தகரக் குழாய்களை மாட்டுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான், ஒரு மாதம் இருப்பான், போவான். குடும்பத்தைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளும் சம்பளம் இல்லை. விசிட் விசாவில் ஒருமுறை அழைத்துப்போகலாம்தான், ஆனால் ஆண்கள் மட்டும் இருக்கும் ரூமில் பெண்டாட்டியை எங்கே தங்க வைப்பது? தனம் அந்த ஊர் மண்ணை மிதித்ததே இல்லை. கப்பல் பஹ்ரைனில் ஒரு பகல் நிற்கும் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் ஏன் கழன்றுகொண்டார் என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். ஒன்பதாவது படிக்கும் அவர்கள் மகளுக்குப் பெரியப்பாதான் காவல்.

இதில் ஒரு அவசரமும் இருந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுகிறாயா, கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறாயா என்று சேகரின் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். கப்பல் துபாய்க்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆம்பிளையாக லட்சணமாக ஒரு முடிவு எடுப்பான் என்று பார்த்தால், "நீ சொல்றதுதான் தனம்" என்று அவள் தலையில் கட்டிவிட்டான். ஆக, நான் ஊர் பார்க்கப் போனேன். அவள் முடிவெடுக்கப் போனாள்.

துபாயில் இரண்டு நாள் முன்னதாகவே இறங்கினோம். அங்கே என்ன பார்ப்பது என்பதை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்வது ஒன்றுதான். கழிமுகத்தைக் கடக்க அப்ரா என்ற மரப்படகு இருக்கிறது, ஒரு திர்ஹம். உயரமான கட்டடத்தில் ஏறுவதற்குக் கொடுக்கும் காசில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது, எனக்கு இதுதான் பிடித்தது. தனம் படகில் அந்தப் பக்கம் போய், இறங்காமலே இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம் கப்பல் ஏறினோம். பதினைந்து மாடி, லிப்ட், நீச்சல் குளம், எந்நேரமும் சாப்பாடு. கதவை மூடிய ஐந்தாவது நிமிஷம் எங்கள் அறையில் ஒரு வாசனை. எனக்குப் பழக்கப்பட்ட வாசனை.

"தனம், பையில என்னடி வச்சிருக்க?"

"நெத்திலிக் கருவாடுக்கா. அவுகளுக்கு. ஏழு கவர் போட்டுக் கட்டியிருக்கேன், வெளிய தெரியாது."

தெரியாதாமே! ஜன்னல் திறக்க வழியில்லாத அறை. சாயங்காலம் படுக்கை விரிக்க வந்த இந்தோனேசியப் பையன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, குளியலறையில் ஏதாவது பிரச்சினையா மேடம், பிளம்பரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். நான் மானத்தை விட்டு, பிரச்சினை இல்லை, மீன் என்றேன். மறுநாள் நான்கு ஊதுபத்தி மாதிரி ஏதோ வாசனைக் குச்சிகளைக் கொண்டுவந்து சொருகி வைத்தான், பாவம். கப்பலுக்கு உணவுப்பொருள் கொண்டுபோகாதீர்கள், நிறையத் துறைமுகங்களில் இறக்கவும் விடமாட்டார்கள். எங்களுடையது தப்பியது அதிர்ஷ்டம்.

வியாழக்கிழமை தோஹா. துறைமுகத்திலிருந்து பழைய சந்தையான சூக் வாகிஃப் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், காலை வெயிலில் கடலோரமாக நடந்தே போனோம். வல்லூறுகளுக்கு என்றே தனிக் கடைகள், அவற்றுக்குத் தனி ஆஸ்பத்திரி. கண்ணை மூடித் தொப்பி போட்டு வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஏலக்காய் மணக்கும் கரக் டீ குடித்தோம், இரண்டு ரியால். ஒரு முக்கியமான விஷயம்: தோஹாவிலும் பஹ்ரைனிலும் கடிகாரம் துபாயைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் துபாய் நேரத்திலேயே ஓடும். கையில் இருக்கும் போன் தானாக மாறிவிடும். போனை நம்பினால் கப்பல் போய்விடும்.

அந்த டீக்கடையில்தான் தனம் வாயைத் திறந்தாள்.

"அக்கா, நான் இருக்கச் சொல்லிரலாம்னு பாக்குறேன்."

"எதை வச்சுச் சொல்ற?"

"அங்க நல்லாத்தான் இருக்காரு. நீங்களும் போன்ல பாத்திருக்கீங்கல்ல, ரூமு பளிச்சுனு எங்க வீட்டவிட நல்லா இருக்கு. ஊருக்கு வந்தா என்ன செய்வாரு? லீவுல வந்தா இருபதாம் நாளே சண்டை வந்துருது. அத ஏன் இங்க வச்ச, இத ஏன் வாங்குனன்னு. பதினாலு வருசமா நான் தனியா ஓட்டுன வீடு. ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டா மாடியும் போட்டுறலாம்."

அவள் சொன்னதில் எனக்குத் தப்பாக எதுவும் படவில்லை. நானும் வீடியோ காலில் பார்த்திருக்கிறேன். நீலப் பூப்போட்ட வழுவழுப்பான சுவர், அதன் முன்னால் தலை வாரிய சேகர். ஓட்டல் மாதிரி இருக்கும். கஷ்டப்படாமல்தானே இருக்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன், அப்படியே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை பஹ்ரைன். துறைமுகத்துக்குள் வெளிவண்டி வராது. கப்பல்காரர்களின் பஸ்ஸில் இருபது நிமிஷம் போல வந்தால் மனாமாவின் பழைய சந்தை வாசலில் இறக்கிவிடுவார்கள். துறைமுகச் சோதனையில் அதிகாரி தனத்தின் பொட்டலத்தைக் காட்டி என்ன என்றார். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ஃபிஷ், ஹஸ்பண்ட்" என்றாள். மனுஷன் சிரித்துக்கொண்டே, போ போ என்று கையை ஆட்டினார்.

சந்தை வாசலில் சேகர் நின்றிருந்தான். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சட்டை, மடிப்புகூடப் போகவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பார்க்காத பெண்டாட்டி முன்னால் நின்று, "பசிக்குதா?" என்றான். அவள் "கப்பல்ல தின்னுட்டுத்தான் வந்தோம்" என்றாள். அவ்வளவுதான். எனக்குத்தான் இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டலாம் போலிருந்தது.

அவன் திட்டம் போட்டு வைத்திருந்தான். முதலில் பெரிய மசூதி, பிறகு மால், பிறகு ஓட்டலில் பிரியாணி, சாயங்காலம் கடலோரக் கோட்டை. ஒரு டாக்ஸியை நாள் முழுக்கப் பேசாமல், ஓட்டத்துக்கு ஓட்டம் பேசிக்கொள்ளலாம் என்றான், அது சரிதான். மசூதி வாசலுக்கு நாலு தினார். போய் இறங்கினால் காவலாளி தலையை ஆட்டுகிறார். எங்கள் டிரைவர் பாகிஸ்தான்காரர், அவர்தான் விளக்கினார். "பாய், ஆஜ் ஜும்மா. டூரிஸ்ட் மஃபி!" வெள்ளிக்கிழமை தொழுகை நாள், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி கிடையாது. நீங்கள் வேறு நாளாகப் பார்த்துப் போங்கள், உள்ளே இலவசமாக ஆள் வைத்துச் சுற்றிக் காட்டுவார்களாம்.

"பதினாலு வருசமா இருக்க, இது தெரியாதா தம்பி?" என்றேன்.

"நான் எங்கண்ணி இதுக்குள்ள போனேன். இதோட பின்னால இருக்கிற பில்டிங்குல ஏசி டக்ட் மாட்டியிருக்கேன். மேல இருந்து பாப்பேன்."

அடுத்து மால் என்றான். தனம் அசையவில்லை.

"உங்க ரூமு எங்க இருக்கு?"

"குதைபியாவுல. இங்கருந்து பக்கந்தான். அங்க என்ன இருக்கு?"

"நீங்க இருக்கீங்கல்ல."

"பொம்பளைங்க வரமாட்டாங்க அங்க. பசங்க இருப்பாங்க. நாத்தூர் வேற சத்தம் போடுவான்." நாத்தூர் என்றால் அங்கே கட்டடக் காவலாளி.

"நாத்தூர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண் ஊரில் ரேஷன் கடையில்கூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குக் கோட்டை போய்விடுமோ என்று உள்ளுக்குள் எரிச்சல், இருந்தாலும் பேசாமல் ஏறிக்கொண்டேன். சேகர் முன்சீட்டில் உட்கார்ந்து, ரூமுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தான்.

குதைபியா முழுக்க நம் ஊர்தான். மல்லிகைப்பூ, முருங்கைக்காய், தமிழ் எழுத்தில் பலசரக்குக் கடைப் பலகை, வெள்ளிக்கிழமை என்பதால் தெரு நிறைய லுங்கி கட்டிய ஆம்பிளைகள். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. நாத்தூர் என்று பயமுறுத்திய ஆள் ஒரு வங்காளக் கிழவர். எழுந்து நின்று சலாம் வைத்து, எங்கள் குடையை வாங்கி வைத்துக்கொண்டார். படியில் நாலு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி குனிந்த தலையுடன் "வாங்கக்கா" என்றுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார்கள். அவர்கள்தான் சேகரின் ரூம்காரர்கள். இவள் வருகிறாள் என்று வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை விட்டு ரூமைக் காலி பண்ணிக்கொண்டு போகிறார்கள். எங்கே போவார்கள்? தெருவில்தான் நிற்பார்கள்.

கதவைத் திறந்தவர் நாதன், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். "வாங்கோ, வாங்கோ. இருங்கோ. நான் இப்ப கீழ போயிடுவன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பத்துக்குப் பன்னிரண்டு அறை. இரும்புக் கட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஜோடி. கட்டிலுக்குக் கட்டில் பழைய சேலைத் துணியில் திரை. பினாயில் வாசனை, தரை இன்னும் ஈரம். இருக்க நாற்காலி இல்லை. சேகரின் கட்டில் கீழ்த்தட்டு. தனம் அதில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் தலைக்குப் பின்னால் அந்த நீலப் பூப்போட்ட சுவர். போனில் பார்த்த இடத்தை நேரில் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சேகர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனான். வெள்ளிக்கிழமை மெஸ் சமையல் அவன் முறையாம். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்காதவன், இங்கே வெங்காயத்தை ஒரு கையில் வைத்தே நறுக்குகிறான். கருவாட்டை வெந்நீரில் அலசுகிற பக்குவத்தைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன்.

அப்போது நாதன் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்று தயங்கினார். "குறை நினையாதேங்கோ தங்கச்சி. மகள் போன் எடுக்கிற நேரம் இது. ரெண்டு நிமிசம் அந்த இடத்தில இருந்து கதைச்சிட்டுப் போகட்டோ?"

தனத்துக்குப் புரியவில்லை. எழுந்து நின்றாள். நாதன் போய் அவள் உட்கார்ந்த அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொண்டு, போனை நேராகப் பிடித்தார். "ஓம் பிள்ளை, சாப்பிட்டனான். ஓம், ரூமிலதான். நல்லா இருக்கிறன்" என்று சிரித்தார்.

அப்போதுதான் நாங்கள் இருவரும் அந்தச் சுவரை முழுதாகப் பார்த்தோம். நீலப்பூ, ஒரு தாம்பாளத் தட்டு அகலத்துக்கு மேல் கொஞ்சம். அவ்வளவுதான். சுவரில் ஒட்டுகிற காகிதத்தில் ஒரு துண்டு. அதைத் தாண்டி நாலு பக்கமும் காரை பெயர்ந்து, ஏசித் தண்ணீர் வடிந்து கறுத்த சுவர். கட்டில் காலில் கம்பியைச் சுற்றி, போன் வைக்க ஒரு பிடியும் செய்திருந்தார்கள்.

பேசி முடித்ததும் நாதன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார். மனுஷனுக்கு வெட்கம். "உங்கட மனுசன்தான் ஒட்டினவர். சைட்டில மிஞ்சின துண்டு. ஆறு பேரும் இதில இருந்துதான் வீட்டுக்குக் கதைக்கிறது. ஒருத்தர் முடிய மற்றவர்." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

தனம் முதலில் சிரித்தாள், சத்தமாகவே. "அக்கா, ஆறு வீட்டுக்கும் ஒரே செவரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையை நீட்டி, காகிதம் முடிகிற ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது, அதை அழுத்தி ஒட்டிவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்ச் சேகர் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவன் கிண்டிக்கொண்டே இருந்தான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவரைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சாப்பாடு ஆனதும் தனம் ஜன்னலைத் திறந்து, தெருவில் நின்றவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "அண்ணே, எல்லாரும் மேல வாங்க, ஆறிப்போவுது!" தரையில் நியூஸ்பேப்பர் விரித்து எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். கருவாட்டுக் குழம்பு. நான் கப்பலில் சாப்பிட்ட எதையும் இதன் பக்கத்தில் வைக்க மாட்டேன். நாதன், "எங்கட ஊர்ல இதுக்குத் தேங்காய்ப்பால் விடுவினம்" என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கோட்டைக்குக் கடைசியில் அரை மணி நேரம் கிடைத்தது. குதைபியாவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், ஐந்து தினார் டாக்ஸி, கோட்டைக்குள் போகக் கட்டணம் கேட்கவில்லை. மதிலின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பேரீச்சை மரங்கள். நான் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஏறும்போது சேகர் கேட்டுவிட்டான். "என்ன தனம், ஒண்ணும் சொல்லாமப் போற? நாளன்னைக்குப் பதில் சொல்லணும்."

"நாளைக்குச் சொல்றேன்."

அன்று கப்பல் சாப்பாட்டில் அவள் கை வைக்கவே இல்லை. "நான் மட்டும் யோக்கியமாக்கா?" என்றாள். "எங்க உக்காந்து போன் பேசுவேன்? முன்னறையில, டீவி பக்கத்துல. சமையக்கட்டு ஓடு ஒழுகுறத என்னைக்காவது காட்டுனேனா? கவலப்படுவாருன்னு நான் காட்டல. நான் கவலப்படுவேன்னு அவரு காட்டல. எனக்குப் பத்திக்கிட்டு வருதுக்கா. இப்புடியே பதினாலு வருசம்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அபுதாபிக்குப் போகுமுன் நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோவேன். நம் பாஸ்போர்ட்காரர்களுக்கு அமீரக விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். கப்பல் வெளிநாடு போய்த் திரும்புவதால் ஒருமுறை விசா செல்லாது. மற்ற ஊர்களில் இறங்கும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலா விலை அதிகம். நகரத்துக்குள் என்றால் அவர்களுடைய பஸ்ஸும் டாக்ஸியும் போதும். அமீரகத்தில் வாட்ஸப்பில் அழைத்துப் பேச முடியாது, சாதாரண போன் அழைப்புத்தான், அதற்கு உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியிலும் கப்பலுக்குள் ஏசி எலும்பைக் குத்தும், ஒரு ஸ்வெட்டர் அவசியம். அந்த ஊர்களில் உங்கள் ஆள் யாராவது இருந்தால், அவர் எங்கே கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும் முதலில் ரூமைக் காட்டச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை அபுதாபி. பெரிய மசூதிக்கு முன்பதிவு இணையத்தில் இலவசம், துறைமுகத்திலிருந்து டாக்ஸிக்கு நாற்பது திர்ஹமுக்குள் ஆனது. கை கால் மூடிய உடை, தலையில் துணி. வெள்ளைப் பளிங்கு முற்றம், தூணெல்லாம் தங்கக் கிரீடம், உள்ளே கால் புதையும் கம்பளம். நான் வாயை மூடவே இல்லை. வெளியே வந்து, கும்மட்டங்கள் தெரியும்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தனம் என் போனைக் கேட்டாள். அவளுக்கு அந்தப் போனைப் பிடிக்கத் தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், எனக்கும் எல்லாம் கேட்டது.

"என்னங்க, நான்தான். கணக்க முடிச்சிருங்க. வந்துருங்க."

 "மாடி?" என்றான் சேகர்.

"மாடி கட்டி யாரு ஏறி நிக்கிறது? கீழயே ஆளக் காணோம்."

"வந்து என்ன செய்யறதுனு தெரியல தனம்."

"முதல்ல சமையக்கட்டு ஓட்ட மாத்துங்க. ஒழுகுது. அஞ்சு வருசமா ஒழுகுது."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்களும்தான் சொல்லல."

 சின்னப் பிள்ளை குரலில் கேட்டான். "அங்க வந்தா சண்ட வருமே தனம்."

"வரட்டும். இருபதாம் நாளு ஆரம்பிப்போம், முப்பதாம் நாளு நீங்க பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிருவீங்க. ஒரு சண்டையாவது முழுசாப் போட்டிருக்கமா நாம? இனிமே போட்டு முடிச்சிக்கலாம், வாங்க."

அந்தப் பக்கம் என் கொழுந்தன் அழுவது கேட்டது. நான் தலைத்துணியைச் சரிசெய்கிற மாதிரி எழுந்து, அவர்களை விட்டுத் தள்ளிப்போய் நின்றேன்.